பொற்காசு செல்லாத ஊர்

ஜாவர் சீதாராமன் பூதமாக வந்து கலகலப்பூட்டிய ‘பட்டணத்தில் பூதம்’ 1967இல் வெளியானது. அந்தப் பூதத்தின் பூர்வீகம் சென்னையும் அல்ல, பாக்தாதும் அல்ல. 1964இல் ஹாலிவுட்டில் வந்த ‘தி பிராஸ் பாட்டில்’ என்ற படத்தைத் தழுவி அது எடுக்கப்பட்டது. அந்த ஹாலிவுட் படமோ எஃப். ஆன்ஸ்டி என்ற ஆங்கில எழுத்தாளர் 1900இல் எழுதிய அதே பெயருள்ள நாவலிலிருந்து வந்தது. நாவலின் நாயகன் லண்டனில் வேலை கிடைக்காமல் காத்திருக்கும் ஒரு கட்டடக் கலைஞன். ஏலத்தில் ஒரு பித்தளைக் குடுவையை எடுத்து வருகிறான். சாலமன் அரசன் காலத்தில் அடைபட்ட பூதம் அதிலிருந்து வெளிப்பட்டு, விடுவித்தவனுக்கு நன்றிக்கடன் செலுத்தத் துடிக்கிறது. அவன் குடியிருக்கும் வாடகை வீட்டு வாசலில் பொக்கிஷ மூட்டைகளோடு ஒட்டகங்கள் வந்து நிற்கின்றன. வீட்டுக்காரம்மாவுக்கு என்ன பதில் சொல்வது, இத்தனை தங்கம் எப்படி வந்தது என்று கேட்டால் என்ன கணக்குக் காட்டுவது என்றுதான் அவன் தலையில் கை வைக்கிறான். ஆயிரத்தொரு இரவுகள் கதைகளில் பூதங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆன்ஸ்டி பூதத்தில் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. அதைக் குடித்தனக்காரர்கள் வாழும் தெருவுக்குக் கூட்டிவந்தார், அவ்வளவுதான். ஒரு தனி இலக்கிய வகை பிறப்பதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அந்த வகையைச் சிறுவர்களுக்கான நாவலாக வளர்த்தவர் ஈ. நெஸ்பிட். 1858இல் லண்டனில் பிறந்தவர். ஆன்ஸ்டியின் பூதக் கதையை வெளியிட்ட ‘ஸ்ட்ராண்ட்’ மாத இதழிலேயே 1902இல் அவருடைய தொடர்கதை வந்தது. புத்தகமானபோது அதற்கு ‘ஐந்து குழந்தைகளும் அதுவும்’ என்ற பொருளில் பெயர் வைத்தார். கென்ட் மாவட்டத்துக் கிராமத்து வீடொன்றில் அண்ணன் தம்பி அக்கா தங்கை என நால்வரும், கைக்குழந்தையான ஒரு தம்பியும். அப்பாவுக்கு வெளியூரில் வேலை, அம்மா நோயாளியான பாட்டியைப் பார்க்கப் போயிருக்கிறாள். பக்கத்துச் சரளைக் குழியில் விளையாட்டாகத் தோண்டும்போது ஒரு விநோதப் பிராணி அகப்படுகிறது. நத்தைக்கு இருப்பதுபோல நீண்ட கொம்புகளின் நுனியில் கண்கள், வௌவால் காது, குரங்கின் கைகால், உருண்டு திரண்ட உடம்பெல்லாம் மென்மயிர். மணல் தேவதை என்று பெயர். அழகு மட்டும் மருந்துக்கும் கிடையாது. எப்போதும் சிடுசிடுப்பு, தண்ணீர் பட்டால் உடம்புக்கு ஆகாது. நாளுக்கு ஒரு வரம் தரும், சூரியன் மறைந்ததும் அந்த வரம் கலைந்துவிடும். ஆதி மனிதர்களும் இதனிடம் வரம் கேட்டார்களாம். அவர்கள் சாப்பிடுவதற்குப் பிரம்மாண்டமான விலங்குகளைக் கேட்டார்கள். தின்று மிஞ்சியது சூரியன் மறைந்ததும் கல்லாகிப் போனது. இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் புதைபடிவங்கள் அந்த மிச்சம்தான் என்று நெஸ்பிட் போகிற போக்கில் ஒரு விளக்கம் வைக்கிறார். விளையாட்டுதான், ஆனால் கற்பனை எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். மாயத்தைப் பூகோளப் பாடத்தோடும் மண்ணியலோடும் முடிச்சுப் போடும் கற்பனை இது.

இந்த நாவலின் இரண்டாவது வரம் என் வாதத்துக்கு முதல் சாட்சி. குழந்தைகள் அளவிறந்த செல்வம் கேட்கிறார்கள். சரளைக் குழி முழுக்கத் தங்கக் காசு நிரம்பிவிடுகிறது. பழைய மந்திரக் கதையாக இருந்தால் அடுத்த வரியில் அரண்மனை வந்துவிடும். இங்கே முதல் சிக்கல் எடை: பையில் நிரப்பினால் நடக்க முடியவில்லை, பாதியைக் கொட்டிவிட வேண்டியிருக்கிறது. அடுத்த சிக்கல், காசின் வயது. அவை நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கினிகள், செலாவணியில் இருந்து எப்போதோ போனவை. கடைக்காரர்கள் காசைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள், சில்லறை இல்லை என்கிறார்கள், கை அழுக்காக இருக்கும் பிள்ளைகளிடம் இவ்வளவு தங்கம் எப்படி என்று முறைக்கிறார்கள். வண்டியும் குதிரையும் வாங்கப் போன இடத்தில் வியாபாரி போலீஸைக் கூப்பிட்டுவிடுகிறார். சூரியன் மறையும் நேரத்தில் காவல் நிலையத்தில் பையைக் கவிழ்த்துக் காட்டினால் ஒன்றும் இல்லை. ஊரெல்லாம் சுற்றியும் அந்தத் தங்கத்தை வைத்து நினைத்ததை வாங்க முடியவில்லை. பணம் என்பது உலோகத்தின் மதிப்பு மட்டும் இல்லை. கொடுப்பவரையும் வாங்குபவரையும் பிணைக்கும் நம்பிக்கை அது, அந்த நம்பிக்கைக்கு அரசின் முத்திரையும் ஆளின் தோற்றமும் சாட்சி சொல்ல வேண்டும். பொருளியல் பாடப் புத்தகம் பக்கம் பக்கமாக விளக்கும் இந்த விஷயத்தை எட்டு வயதுக் குழந்தை ஒரு மதியப் பொழுதில் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். அன்றாட இடங்களில் மாயம் நிகழும் சிறுவர் நாவல்களில் மாயம் வெறும் தூண்டுகோல், ஆராயப்படுவது அன்றாடம். கடை, சமையலறை, காவல் நிலையம், கடிகாரம், வாடகை என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோகும் ஏற்பாடுகள் எப்படி இயங்குகின்றன என்பதைப் பார்ப்பதற்காக அவற்றுக்குள் ஓர் அசாத்தியமான பொருளைப் போட்டுப் பார்க்கிறார்கள் இந்த எழுத்தாளர்கள். அதனால்தான் இவை குழந்தையைக் கனவில் மிதக்க விடுவதாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு எனக்கு விநோதமாகப் படுகிறது. எனக்குத் தெரிந்த சிறுவர் இலக்கிய வகைகளில் காரண காரியத்தை இவ்வளவு கறாராகப் பிடித்துக்கொள்வது துப்பறியும் கதைக்கு அடுத்தபடி இதுதான்.

வரம் கேட்டுக் கெட்டவர்களின் கதை உலகெங்கும் உண்டு. கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஜெர்மானியக் கதைகளில் ஒரு மீனவனின் மனைவி குடிசையிலிருந்து மாளிகை, மாளிகையிலிருந்து அரியணை என்று ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் குடிசைக்கே திரும்புகிறாள். அந்தக் கதை பேராசைக்குத் தண்டனை தருகிறது. நெஸ்பிட்டிடம் அந்த நீதிபதிப் பார்வை இல்லை. அவருடைய குழந்தைகள் பேராசைக்காரர்களும் அல்லர், கெட்டவர்களும் அல்லர். அவர்கள் தோற்பது விவரங்களை யோசிக்காமல் கேட்டதால். அழகாக வேண்டும் என்கிறார்கள். அழகானதும் கைக்குழந்தைத் தம்பியே அடையாளம் தெரியாமல் அலறுகிறான், வீட்டு வேலைக்காரி மார்த்தா யாரோ அந்நியப் பிள்ளைகள் என்று கதவைச் சாத்திவிடுகிறாள், அன்றைய சாப்பாடு போச்சு. சிறகு கேட்டுப் பறக்கிறார்கள். பறந்தால் பசிக்கும் என்பது அப்புறம்தான் தெரிகிறது. ஒரு பாதிரியார் வீட்டு உணவு அறையிலிருந்து சாப்பாட்டை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் சும்மா எடுப்பது திருட்டல்லவா என்று விவாதித்து, காசும் மன்னிப்புச் சீட்டும் வைத்துவிட்டுப் போகிறார்கள். சிறகு முளைத்த பிள்ளைகள் பாக்கி வைக்கக் கூடாது என்று கவலைப்படும் இந்த இடத்தை நான் உலகச் சிறுவர் இலக்கியத்தின் மிக நுட்பமான நகைச்சுவைகளில் ஒன்றாகச் சொல்வேன். பிறகு மாதா கோயில் கோபுரத்தின் உச்சியில் உண்ட களைப்பில் தூங்கிவிடுகிறார்கள். விழிக்கும்போது இருட்டு, சிறகு இல்லை, இறங்கும் படிக்கட்டுக் கதவு பூட்டியிருக்கிறது.

அடுத்த நாவலான ‘ஃபீனிக்ஸும் கம்பளமும்’ 1904இல் புத்தகமாக வந்தது. இம்முறை இடம் லண்டனின் கேம்டன் டவுன். பட்டாசு கொளுத்திப் பார்த்ததில் பிள்ளைகள் அறையின் கம்பளம் கருகிப் போகிறது, மாற்றாக மலிவு விலையில் வாங்கியது பறக்கும் கம்பளம், அதற்குள் ஒரு ஃபீனிக்ஸ் பறவையின் முட்டை. நாவல் முழுக்க நடக்கும் முக்கியச் சம்பவம் என்ன தெரியுமா? கம்பளம் தேய்ந்துகொண்டே வருகிறது. தினமும் ஏறிப் பறந்தால் தேயாமல் என்ன செய்யும்? கிழிந்த இடத்தைச் சாதாரணக் கம்பளி நூலால் ஒட்டுத் தைக்கிறார்கள். ஒட்டுப் போட்ட இடத்தில் மந்திரம் வேலை செய்யவில்லை, ஏனென்றால் அந்த நூல் கடையில் வாங்கியது. கம்பளம் தன் ஊர்ப் பொருளைக் கொண்டுவா என்றதும் 199 பாரசீகப் பூனைகளைக் கொண்டுவந்து இறக்குகிறது. அத்தனைக்கும் பால் எங்கிருந்து வரும் என்பதுதான் அந்த அத்தியாயத்தின் பதைபதைப்பு. ஃபீனிக்ஸ் பறவைக்கோ லண்டனில் தன் பெயரில் இயங்கும் தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலகம் தன்னை வழிபடும் கோயிலாகத் தெரிகிறது. அந்தப் பெயரில் அப்படியொரு நிறுவனம் லண்டனில் உண்மையாகவே இருந்தது.

தேய்மானம், சில்லறை, பால் செலவு என்று இந்த அம்மாளுக்கு ஏன் இத்தனை அக்கறை என்பதற்கு அவருடைய வாழ்க்கையில் விடை இருக்கிறது. திருமணமான புதிதில் கணவர் ஹியூபர்ட் பிளாண்ட் அம்மை நோயில் படுத்துக் கிடந்த சமயம் அவருடைய தொழில் பங்காளி பணத்தைச் சுருட்டிக்கொண்டு போனதால் குடும்பம் நொடித்தது. கவிதை, கதை, வாழ்த்து அட்டை என்று எழுதியும் வரைந்தும் குடும்பத்துக்குச் சோறு போட்டவர் நெஸ்பிட்தான். கணவனும் மனைவியும் 1884இல் ஃபேபியன் சங்கம் தொடங்கியபோதே அதில் இருந்தவர்கள். புரட்சியைவிடப் படிப்படியான சீர்திருத்தத்தில் நம்பிக்கை வைத்த சோஷலிஸ்டுகளின் சங்கம் அது. பெர்னார்ட் ஷாவும் எச்.ஜி. வெல்ஸும் அதில் பிற்பாடு சேர்ந்தவர்கள். நெஸ்பிட்டுக்குப் புகழ் தந்த முதல் சிறுவர் நாவல் 1899இல் வந்தது. அதில் மாயமே இல்லை. வியாபாரத்தில் நொடித்த அப்பாவுக்கு உதவ, குழந்தைகள் புதையல் தேடிப் புறப்படும் கதை. ஆக, முதலில் பணக் கஷ்டத்தை எழுதினார், பிறகு அதே மாதிரிக் குழந்தைகளின் கையில் வரத்தைக் கொடுத்தார். வரிசை முக்கியம். 1907இல் வந்த ‘மாயக் கோட்டை’யில் இந்தச் சமூகக் கண் இன்னும் கூர்மையாகிறது. குழந்தைகள் நாடகம் போடுகிறார்கள், பார்க்க ஆள் போதவில்லை. துடைப்பக் கட்டை, கோட்டு, தொப்பி, காகித முகமூடி ஆகியவற்றால் பொம்மைப் பார்வையாளர்களைச் செய்து உட்கார வைக்கிறார்கள். வாய் தவறிக் கேட்ட வரத்தால் அவற்றுக்கு உயிர் வந்துவிடுகிறது. உள்ளே ஒன்றுமே இல்லாத அந்த உடுப்புகள் நல்ல ஹோட்டல் எங்கே இருக்கிறது என்று மரியாதையாக விசாரிக்கின்றன. அவற்றில் ஒன்று லண்டன் நிதி வட்டாரத்தில் பெரிய பணக்காரராகவே உலாவத் தொடங்குகிறது. அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. திகிலும் கிண்டலும் இப்படி ஒரே இழையில் பின்னிய இடம் பெரியவர்களுக்கான இலக்கியத்திலும் அபூர்வம்.

அரை நூற்றாண்டு கழித்து இதே உத்தி அட்லாண்டிக்கைத் தாண்டியது. அமெரிக்காவில் நாடகமும் பாடல்களும் எழுதிக்கொண்டிருந்த எட்வர்ட் ஈகர், தன் மகனுக்குப் படித்துக் காட்டப் புத்தகம் தேடியபோது நெஸ்பிட்டைக் கண்டுபிடித்தார். அந்தப் பாதிப்பில் 1954இல் எழுதிய ‘பாதி மாயம்’ நாவல், அவர் பிறந்த ஓஹையோ மாநிலத்து டொலேடோ நகரில், 1920களில் நடக்கிறது. தகப்பன் இல்லாத நான்கு பிள்ளைகள், பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்க்கும் அம்மா. தெருவில் கிடைத்த நாணயம் கேட்ட வரத்தில் பாதியை மட்டும் தருகிறது. பாலைத் தீவு வேண்டும் என்றால் தீவைக் காணோம், பாலைவனம் மட்டும் இருக்கிறது. பூனை பேச வேண்டும் என்றால் அது பாதிப் பேச்சாக உளறுகிறது. நாணயத்தின் குணம் தெரியாமல் வீட்டில் இருந்தால் தேவலை என்று அம்மா நினைக்க, பாதி வழியில் நடுரோட்டில் நிற்கிறாள். குழந்தைகள் இந்த விபத்துகளை அடுக்கிவைத்து யோசித்து ஒரு விதியை ஊகிக்கிறார்கள், அதைச் சோதிக்கிறார்கள், பிறகு வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு கேட்கப் பழகுகிறார்கள். அதிலும் வம்பு உண்டு. எதற்கு எது இரண்டு மடங்கு என்று வாக்கியத்தைத் திருத்தமாக அமைக்காவிட்டால் கதை கந்தலாகிவிடும். கவனித்தல், ஊகித்தல், சோதித்தல், திருத்துதல்: ஆய்வுக்கூடத்தில் நடப்பதும் இதுவே. 1958இல் ‘ஹார்ன் புக்’ என்ற சிறுவர் இலக்கிய இதழில் ஈகர் நெஸ்பிட்டைப் போற்றி எழுதிய கட்டுரைக்கு ‘அன்றாட மாயம்’ என்றே தலைப்பிட்டார்.

அதே 1958இல் இங்கிலாந்தில் ஃபிலிப்பா பியர்ஸ் எழுதிய ‘டாமின் நள்ளிரவுத் தோட்டம்’ வந்தது. அந்த ஆண்டுக்கான கார்னகி பதக்கம் அதற்குத்தான். தம்பிக்குத் தட்டம்மை வந்ததால் டாம் சித்தி வீட்டில் விடப்படுகிறான். பழைய பெரிய வீடொன்றைக் கூறுபோட்டுக் குடித்தனங்களாக மாற்றிய இடம். பின்பக்கம் குப்பைத் தொட்டிகள் நிற்கும் ஒடுக்கமான முற்றம் மட்டும். இரவில் கூடத்துக் கடிகாரம் பதின்மூன்று அடிக்கிறது. பின்கதவைத் திறந்தால் விக்டோரியா மகாராணி காலத்துத் தோட்டம், அதில் ஹேட்டி என்ற சிறுமி. உண்மையா கனவா என்று டாமே குழம்புகிறான், ஆகவே ஒரு சோதனை வைக்கிறான். பனியில் சறுக்கும் அவளுடைய காலணிகளை வீட்டின் தரைப்பலகைக்கு அடியில் ஒளித்து வைக்கும்படி ஹேட்டியிடம் கேட்டுக்கொள்கிறான். தன் காலத்துக்குத் திரும்பி வந்து பலகையைப் பெயர்த்துப் பார்த்தால், அவள் எழுதிவைத்த சீட்டோடு அவை இருக்கின்றன. நெஸ்பிட் பணத்தையும் ஈகர் எண்ணையும் சோதித்தார்கள் என்றால் பியர்ஸ் சோதித்தது காலத்தை. குடித்தனமாகச் சிதைந்த ஒரு வீட்டுக்கு முன்பு வேறொரு வாழ்க்கை இருந்தது, மேல்மாடியில் வாடகை வாங்கும் கிழவியும் ஒரு காலத்தில் மரம் ஏறிய சிறுமிதான் என்ற எளிய உண்மையை இந்த நாவலைப்போல மனத்தில் தைக்கச் சொன்ன நூல் குறைவு.

இனி மறுப்புகளுக்கு வருவோம். பெற்றோர் சொல்வது: பேய், பூதம், வரம் என்று படித்தால் பிள்ளைக்கு மூடநம்பிக்கை வளரும், உழைக்காமல் கிடைக்கும் என்ற எண்ணம் வரும். இந்த நாவல்களைத் திறந்து பார்த்தவர் இப்படிச் சொல்ல மாட்டார். இவற்றில் வரத்தால் யாருக்கும் நிலைத்த செல்வம் வருவதில்லை. மாலையில் எல்லாம் கலைந்துவிடும். மூடநம்பிக்கையின் இயல்பு கேள்வி கேட்காமல் ஏற்பது, தோற்றாலும் காரணம் தேடாமல் மறுபடி நம்புவது. இந்தக் கதைக் குழந்தைகளோ ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் கூட்டம் போட்டு எங்கே தப்பு நடந்தது என்று அலசுகிறார்கள். தெய்வ வாக்கு என்று அவர்கள் எதையும் தலையில் வைத்துக்கொள்வதில்லை. மணல் தேவதையிடமே நியாயம் கேட்டுச் சண்டை போடுகிறார்கள். எது நடக்கும், எது நடக்காது என்று படிக்கும் குழந்தையும் கூடவே கணக்குப் போடுகிறது. கணக்குப் போட முடிவதற்குக் காரணம், சுற்றியுள்ள உலகம் அதற்கு ஏற்கெனவே தெரிந்த உலகம். டிராகன் எவ்வளவு தின்னும் என்று குழந்தைக்குத் தெரியாது. 199 பூனைக்கு ஒரு பால்காரர் போதாது என்று நன்றாகத் தெரியும்.

இலக்கியவாதிகளின் மறுப்பு வேறு மாதிரி. தனக்கென மொழி, வரலாறு, வரைபடம் கொண்ட முழு மாற்றுலகைப் படைப்பதே மிகைக்கற்பனையின் உச்சம், வீட்டுக் கொல்லையில் நடக்கும் மாயம் அதன் குழந்தைப் பருவம் என்பது அவர்கள் கட்சி. டோல்கீன் 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய தேவதைக் கதைகள் பற்றிய சொற்பொழிவு இவர்களுக்கு வேதம். படைக்கப்பட்ட உலகம் தனக்குள் முரணில்லாமல் இருக்க வேண்டும் என்று அதில் அவர் வலியுறுத்தினார். நான் அவரை மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்த முரணின்மையை எட்டுவதில் அன்றாட மாயத்தின் வேலை கடினமானது என்பேன். சொந்தமாகப் படைத்த உலகில் விதியையும் ஆசிரியரே எழுதுகிறார், சாட்சியும் அவரே. கேம்டன் டவுனில் அப்படி முடியாது. பால் விலை வாசகருக்குத் தெரியும். டோல்கீனே நெஸ்பிட்டின் கடனாளிதான். 1925இல் ஃபைலி கடற்கரையில் மகன் மைக்கேல் தன் பொம்மை நாயைத் தொலைத்துவிட்டு அழுதபோது தேறுதலுக்காகச் சொல்லத் தொடங்கிய ‘ரோவரண்டம்’ கதையில் வரும் மணல் மந்திரவாதி, நெஸ்பிட்டின் மணல் தேவதையைப் பார்த்து உருவானவர். சி.எஸ். லூயிஸும் அப்படியே. நெஸ்பிட்டின் 1906ஆம் ஆண்டு நாவலில் பாபிலோன் அரசி லண்டனுக்கு வந்து அதகளம் செய்வாள். 1955இல் வந்த நார்னியா கதையில் ஜேடிஸ் அரசி அதே லண்டன் தெருவில் குதிரை வண்டியின் மேல் நின்று அட்டகாசம் செய்கிறாள். ஹாரி பாட்டருக்கு ரயில் ஏறக் கிங்ஸ் கிராஸ் நிலையம் தேவைப்பட்டது. ரவுலிங்கும் தனக்கு மிக நெருக்கமான எழுத்தாளராக நெஸ்பிட்டைச் சொன்னவர். ஆனால் அந்த ரயில் புறப்பட்டதும் நாம் தனி உலகுக்குப் போய்விடுகிறோம். மாயத்துக்கென்று தனி வங்கி, தனி நாணயம், தனி அமைச்சகம் அங்கே உண்டு. மந்திரவாதியின் காசு எந்தக் கடையில் செல்லும் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. ரவுலிங்கின் கதைக்கு அது குறையில்லை. நான் பேசும் வகை அது இல்லை, அவ்வளவே.

மூன்றாவது மறுப்புக்குத்தான் எளிதில் பதில் இல்லை. அன்றாடம் என்கிறீர்களே, யாருடைய அன்றாடம்? வேலைக்காரியும் சமையற்காரியும் உள்ள வீடு, பேரரசின் தலைநகரம், வெள்ளைத் தோல். மார்த்தா எரிச்சல்படுவது கதைக்கு வேடிக்கை. அவளுக்கு ஒரு வரம் கிடைத்தால் என்ன கேட்பாள் என்று நாவல் யோசிப்பதில்லை. அமெரிக்கப் பழங்குடியினரையும் நாடோடிகளையும் நெஸ்பிட் காட்டும் விதம் அந்தக் காலத்து வாய்பாட்டைத் தாண்டவில்லை, யூதர்களைப் பற்றிய சில வரிகள் இன்று படித்தால் கசக்கின்றன. சோஷலிஸ்டாக இருந்தும் இப்படியா என்று கேட்டால், ஆம், இப்படித்தான். இதைக் காலத்தின் கோளாறு என்று மூடி மறைக்க நான் தயாரில்லை. ஆனால் முன்பு சொன்ன 1906ஆம் ஆண்டு நாவலில் லண்டனுக்கு வரும் பாபிலோன் அரசி தெருவில் போகும் உழைப்பாளிகளைப் பார்த்து, உங்கள் அடிமைகளை ஏன் இவ்வளவு மோசமாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறாள். அவர்கள் அடிமைகள் இல்லை, வாக்குரிமை உள்ளவர்கள் என்று குழந்தைகள் விளக்கப் பார்த்துத் திணறுகிறார்கள். வெளியாளின் கண்ணை வீட்டுக்குள் கூட்டிவரும் உத்தி படைத்தவரின் பார்வையைவிடச் சில இடங்களில் அதிகமாகவே பார்த்துவிடுகிறது. இந்தப் பகுதிகளை வெட்டி எறிவதைவிட, பெரியவர் கூட உட்கார்ந்து படித்துப் பேசுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

உத்தி அந்த வர்க்கத்தோடு ஒட்டிப் பிறந்ததும் இல்லை. டயானா வின் ஜோன்ஸ் 1974இல் எழுதிய ‘கீழ்வீட்டு அரக்கன்’ நாவலில் வேலைக்காரர்கள் கிடையாது. மறுமணத்தால் ஒரே வீட்டில் நெருக்கியடித்து வாழும் இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள், அரக்கன் என்று பெயர் சூட்டப்பட்ட மாற்றாந்தந்தை, அவர் வாங்கித் தந்த ரசாயனப் பெட்டி. அதிலுள்ள மருந்துகளால் ஒருத்தி மிதக்கிறாள், மிட்டாய்க் கட்டிகள் உயிர் பெற்று ஊர்கின்றன. ஒருவரையொருவர் வெறுக்கும் இரண்டு பையன்கள் உடல் மாறிப் போகிறார்கள். மற்றவன் எந்த அறையில் எந்த வகுப்பில் எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று உள்ளிருந்து பார்த்த பிறகு பழைய வெறுப்பைத் தொடர்வது கஷ்டமாகிவிடுகிறது. மாற்றாந்தந்தையோடு வாழ்வது எப்படி என்று அறிவுரைப் புத்தகம் எழுதினால் அந்தப் பிள்ளைகள் தொடக்கூட மாட்டார்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாயக் கதை புதிதில்லை. 1947இல் தொடங்கிய அம்புலிமாமா வேதாளத்தையும் விக்கிரமாதித்தனையும் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் அங்கே மாயம் நடப்பது மயானத்தில், காட்டில், ராஜசபையில். சினிமாவில் பட்டணத்துக்கு வந்த பூதம் சிறுவர் நாவலில் ரேஷன் கடை வரிசையிலும், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் குடங்களின் நடுவிலும், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கூட்டத்திலும் ஏன் தாராளமாக உலாவக் கூடாது? ஒரு வரம் கிடைத்தாலும் ஆதார் எண் கேட்கும் ஊர் நம்முடையது. இந்த வகைக்கு இதைவிடத் தோதான மண் எங்கே கிடைக்கும்? எழுத விரும்புபவர்கள் முதலில் நெஸ்பிட்டின் மூலங்களைப் படித்துப் பார்க்கட்டும், பதிப்பகங்கள் அவற்றைத் தமிழில் கொண்டுவரட்டும். அவர் 1924இல் காலமானார். ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளில் காப்புரிமை முடியும் நம் நாட்டில், அந்த நூல்களைத் தமிழாக்கி வெளியிட யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை, ஒரு ரூபாய்கூட உரிமைத் தொகை கட்ட வேண்டியதில்லை.